பெட்டி காணாது

நூற்றிப் பன்னிரண்டு வேணும்.
இருந்தது எழுபத்திநாலு.
கணக்குக் கொப்பி இப்பவும் என்னட்டைத்தான் கிடக்கு,
ஒற்றை ஒற்றையாய் உப்புக்காத்துக் குடிச்சு.

கஸ்தூரியார் வீதியில் கடை கடையாய் ஏறி
பால்மாப் பெட்டி, பிஸ்கற் பெட்டி,
சோப்புப் பெட்டியெண்டால் இன்னும் நல்லம், மட்டை தடிப்பு,
பிரிட்ஜ் வந்த பெட்டி ஒண்டுக்காக
ஒரு கலியாண வீட்டுக்காரரிட்டைக் கெஞ்சி
எல்லாத்தையும் லான்மாஸ்ரரில் ஏத்திக்கொண்டு
பாசையூர் போய்ச்சேர மத்தியானம்.
"பழைய மட்டை யாவாரமோ பிள்ளை?" எண்டு கேட்டவைக்கு
ஓமெண்டே சொன்னன்.
சினிமா எண்டால் சிரிப்பினம்.

படம் ஒரு சண்டைக்காரனைப் பற்றியது.
கதாநாயகனுக்காக விழுகிறவன்,
முதுகு மட்டும் தெரிய விழுகிறவன்,
தன்ரை முகத்தோடை ஒருக்கா விழ ஆசைப்பட்டவன்.
அந்த வேஷத்துக்கு வந்த நிரஞ்சலன்
மூண்டாம் மாடிக்கு ஏறினான், எட்டிப் பார்த்தான்,
காய்ச்சல் எண்டு இறங்கினான்.

அதாலை
டூப்புக்கு ஒரு டூப் தேடினம்.

டொன்பொஸ்கோ வந்தது
மீன்சந்தையில் ஐஸ் உடைக்கிற வேலையை இடையில் விட்டிட்டு.
கை இன்னும் குளிர்.
நாளுக்கு ரெண்டாயிரம், மத்தியானச் சோறு.
"விழுந்தால் மேலதிகமா அண்ணை?"
"விழத்தானே கூப்பிட்டது" எண்டார் துஷ்யந்தன் அண்ணை.
இயக்குநர், கமராக்காரர், கடன்காரர் எல்லாம் அவர்தான்.
நிரஞ்சலன்ரை சேட்டை இவனுக்குப் போட்டு
தோளிலை ஊசி குத்தினது நான்.
சேட் பெரிசு.
மூச்சு விடாமல் நிண்டான்.

கட்டடத்துக்குக் கூரை இல்லை.
எப்ப போனது எண்டு ஒருத்தரும் கதைக்கேல்லை,
வெளிச்சம் நல்லாய் விழுகுது எண்டு மட்டும் சொல்லிக்கொண்டம்.

பெட்டிகளை மூண்டு அடுக்காய் வைச்சு
நடுவில் காத்து நிக்க இடம் விட்டு
மேலை ரெண்டு படங்கு விரிச்சு
எண்ணினன். திரும்ப எண்ணினன்.
கடல்பக்கத்து மூலையில் நிலம் தெரிஞ்சுது.
மேலை அவன் கையை உயர்த்திறான்.
நான் கத்தினன்:
"பெட்டி காணாது!"

அவனுக்குக் கேட்டது ஒரு 'து' மட்டுமாம்,
மிச்சத்தைக் காத்துத் திண்டிட்டுது.
குரல் வந்தால் குதி எண்டுதானே சொல்லி வைச்சது.

அந்தரத்தில் ஒரு கணம்
பெரிய சேட் முழுக்கக் காத்து நிரம்பி
ஒரு ஆளுக்குள்ளை ரெண்டு பேர் விழுந்த மாதிரி.

இடது குதிக்கால் வெடிச்சுது.
படங்குக்குள்ளை கிடந்தபடி கேட்டான்:
"முகம் விழுந்ததோ?"

விழுந்திருந்தது.
வெட்டச் சொல்லி நிரஞ்சலன் சண்டை.
திரும்ப எடுக்கக் காசும் இல்லை, காலும் இல்லை.
என்ரை சத்தத்தையும் வெட்டேல்லை,
வெட்டினால் அலையும் சேர்ந்து போயிடுமாம்.

படம் மூண்டு நாள் ஓடினது.
நன்றி வரிசையில் 'பெட்டிகள்: சிவரூபன்'.
நான் சிவரூபி.

பிறகு சீடியில், பென் டிரைவில்,
கொக்குவிலிலிருந்து ஸ்காபரோ வரைக்கும்
எப்பிடிப் போனதெண்டு எனக்குத் தெரியாது.
பத்து வருசம் கழிச்சு நடுச்சாமக் காட்சி போடுறாங்கள்.
குதிக்கிற இடம் வர
முழுத் தியேட்டரும் எழும்பிக் கத்துது:
"பெட்டி காணாது!"
ரீசேட்டிலும் அதுதான் அடிச்சிருக்கு.

ஒரு கட்டுரையில் கிடந்தது:
அது சவப்பெட்டியாம்.
செத்தவைக்குப் பெட்டி போதாமல் போன ஊரின்ரை குரலாம்.
நான் கொப்பியைத் திறந்தன்.
பால்மா முப்பத்தொண்டு, பிஸ்கற் இருபத்தாறு,
சோப்பு பதினாறு, பிரிட்ஜ் ஒண்டு.
பிழையெண்டு எழுதிப்போட மனம் வரேல்லை.
அந்தக் கணக்கும் எனக்குத் தெரியும்.
அதுக்குக் கொப்பி போடேல்லை, அவ்வளவுதான்.

போன கிழமை டொன்பொஸ்கோ பக்கத்துக் கதிரையில் இருந்தான்.
காலை நீட்ட வசதியாய்க் கரையோரம்.
அவனை ஒருத்தருக்கும் அடையாளம் தெரியேல்லை.
சனம் கத்தி முடிய
கடலைச் சுருளை என்னட்டை நீட்டிச் சொன்னான்:

"அண்டைக்கு நீ இவ்வளவு வடிவாய்க் கத்தியிருந்தால்
நான் படியாலை இறங்கி வந்திருப்பன்."