கால்புள்ளி ஒன்று

லியெபாயாவில் நவம்பர் காற்று
சன்னல் சட்டத்தை உலுக்குகிறது.
எங்கள் ஸ்டூடியோ என்பது இரண்டு மேசை, ஒரு ஹீட்டர்,
அதை எந்தப் பக்கம் திருப்புவது என்கிற நெடுநாள் வழக்கு.

வீத்தோல்ஸின் மீன் டப்பாவுக்கு
காசு கொடுத்து வாங்கிய எழுத்துரு.
அதில் எல்லாம் இருக்கிறது,
மீனின் பெயர் தொடங்கும் எழுத்துக்குக் கீழே
வரவேண்டிய கால்புள்ளி தவிர.
விற்றவர்கள் எங்கள் மொழியைக் கேள்விப்பட்டதில்லை போலும்.

வேறொரு கால்புள்ளியை இறக்கி ஒட்டிவிடு, என்றான் ஆர்விட்ஸ்.
ஒட்டினேன். செருப்பை மாற்றிப் போட்டதுபோல் நின்றது.
வரைந்தேன். தடித்தது.
வரைந்தேன். வாலாட்டித் துள்ளியது.
புதன் போயிற்று.
வியாழன், நாலு மணிக்கே இருட்டிய பிறகு,
எழுத்தின் காலடியில் வந்து உட்கார்ந்தது,
இதற்குத்தானா இத்தனை பாடு என்பதுபோல.

விலைப்பட்டியல் எழுத வேண்டும்.
மீன் படம், ஐந்து. அச்சு மேற்பார்வை.
கால்புள்ளி, ஒன்று: ஒன்றரை நாள்
என்று அடித்தேன். அழித்தேன்.
கணக்குப் பார்க்கும் ரெகீனா சிரிப்பாள்.

வீத்தோல்ஸ் பாதிப் பணம் தந்தார்,
மீதிக்கு நாற்பது டப்பா.
'மீன் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருக்கலாம்.'
எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
காகித மாதிரிகளை நகர்த்திவிட்டு
அலமாரியில் அடுக்கினோம். ராத்திரிச் சாப்பாடும் அதுதான்.

இன்று டிராமில் எதிர் இருக்கைப் பையன்
மடியில் டப்பாவை வைத்து
விரலோட்டி எழுத்துக்கூட்டினான்.
முதல் எழுத்தில் தடுக்கவேயில்லை.
அவன் அம்மா பையை மூடினாள்.
அதற்குள் பார்த்துவிட்டேன்:

ஒரு மயிரிழை, இடப்பக்கம்.