பக்கத்தின் அடியில்

ஃப்ளென்ஸ்பூர்க், துறைமுகத்துக்கு மேலே மூன்றாம் மாடி.
சமையலறை மேசைதான் கடை.
கம்பளிக் காலுறை விற்கிறேன்.
தூக்க ஷட்டர் இல்லை, கல்லாப்பெட்டி இல்லை.
முகவரி மட்டும் இருந்தே ஆகவேண்டும்,
இணையப் பக்கத்தின் அடியில்,
பெயர், தெரு, கதவு எண்.
அஞ்சல் பெட்டி செல்லாதாம்.

முதல் வருடம் கதவு எண்ணைப் போடாமல் விட்டேன்.
தனியாக இருப்பவள், எதற்கு என்று.
போட்டிக் கடைக்காரர் சார்பில்
மியூனிக்கிலிருந்து வக்கீல் கடிதம் வந்தது.
எண்ணூறு யூரோ.
அந்தக் குளிர்காலம் ஹீட்டரைக் குறைத்துவைத்து
விற்கவேண்டிய காலுறையை நானே மாட்டிக்கொண்டு
எண்ணைச் சேர்த்தேன்: பதினேழு.

முகம் தெரியாதவர்களின் பாதம் எனக்குத் தெரியும்.
யாருக்கு இடது கால் வீங்கும்,
போன கிறிஸ்துமஸ்வரை இரண்டு ஜோடி வாங்கியவர்
இப்போது ஏன் ஒன்றோடு நிறுத்திவிட்டார்.
வெளியே சொல்லக் கூடாது.
ரசீதை அழிக்கவும் கூடாது, வரித்துறைக்காக எட்டு ஆண்டு.
விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்
அலமாரியில் கோப்புகள்.

மார்ச்சில் ஒருவர் தொலைபேசினார்.
பெயரைச் சொன்னார், இங்கே எழுத மாட்டேன்.
குரல் மிக மரியாதையானது.
"என் கணக்கிலிருந்து முப்பத்தொரு யூரோ போயிருக்கிறது.
என் மனைவி வாங்கியது.
என் பணம். எந்த ஊருக்கு அனுப்பினீர்கள்?"

திரையில் இருந்தது.
அளவு இருபத்தேழு. கடுகு மஞ்சள், நரி போட்டது
(நரி என்று வைத்துக்கொள்வோம், உண்மையில் வேறு விலங்கு).
குறிப்பு: உறையின் மேல் கடைப் பெயர் வேண்டாம்.
அதன் கீழே ஒரு வீடு.

பணம் உங்களுடையது, அவள் இருக்கும் இடம் உங்களுடையதல்ல
என்று அழகாகச் சொல்லியிருக்கலாம்.
நான் திக்கினேன்.
தரவுப் பாதுகாப்பு, சட்டம், பிரிவு இத்தனை என்று
எண்ணைக்கூடத் தப்பாகச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம். பிறகு,
"பரவாயில்லை. உங்கள் முகவரி இருக்கிறது,
பக்கத்தின் அடியில்."

அன்றிரவு பதினேழை அழிக்கப் போனேன்.
கர்சர் அதன் முன்னால் துடித்துக்கொண்டிருந்தது.
எண்ணூறு யூரோ.
அழிக்கவில்லை.
கதவுச் சங்கிலிக்கு இன்னொரு திருகு போட்டேன்.

சனிக்கிழமை எதிரே ஒரு சாம்பல் நிறக் கார்,
மூன்று மணி நேரம் நகரவில்லை.
திரைச்சீலை இடுக்கில் பார்த்து
எண்ணைக் குறித்துக்கொண்டேன்.
கீழ்வீட்டுத் திருமதி யோஹான்சனின்
குழாயைச் சரிசெய்ய வந்த பையன்.
அவன் கார் எண் இன்னும் என் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.
அதை வைத்திருக்க எனக்கு என்ன உரிமை.

வேறு யாரும் வரவில்லை. இதுவரை.

அக்டோபரில் ஓர் ஆர்டர்.
வேறு பெயர், வேறு ஊர், வேறு வங்கி.
அளவு இருபத்தெட்டு.
கடுகு மஞ்சள், அதே விலங்கு.
உறையின் மேல் கடைப் பெயர் வேண்டாம்.

எத்தனையோ பேர் அதைக் கேட்கிறார்கள்.
பழைய ரசீதை எடுத்து
இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.
வைத்துப் பார்க்காமல் இருக்க
எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

வெறும் பழுப்பு உறை.
அனுப்புநர் இடத்தில் கடையை விட்டுவிட்டு
ஃபிரௌக்கே, பதினேழு என்று கையால் எழுதினேன்,
யாரோ ஓர் அத்தை அனுப்பியது போல.