இடது பை

காஷ்மீருக்கு ஆகிற செலவில் பாதிக்கு
ஏற்காடு கிடைத்தது.
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி
பலாமரங்களுக்கு வெள்ளைத் துணி சுற்றி
காப்பிச் செடிமேல் உப்புத் தூவப் போனால்
தோட்டக்காரர் தடியோடு வந்துவிட்டார்.
பஞ்சு தூவினோம்.
மூடுபனி மட்டும்
சம்பளம் கேட்காமல் வந்து நின்றது.

நான் உடுப்புப் பிரிவு.
செவ்வாய்ப்பேட்டையில் தைத்த
முப்பத்தாறு சீருடைகளுக்கு நடுவே
வேனில் குந்தியிருந்தேன்.

டெல்லியிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது.
அதன் பின்னாலேயே ஓர் ஆள்:
நாயப் சுபேதார் மாதையன், ஓமலூர்ப் பக்கம்.
படம் சரியாக வர உதவுவார் என்றிருந்தது.
சரியாக என்றால் என்னவென்று
கடிதத்தில் இல்லை.

முதல் நாள் திட்டு எனக்குத்தான்.
பெரெட் தொப்பி தோசைக்கல் மாதிரி இருக்கிறதாம்.
வெந்நீரில் முக்கிப் பிழிந்து
ஈரத்தோடு துணைநடிகன் தலையில் வைத்து
வலப்பக்கம் இழுத்துவிட்டார்.
வில்லை இடக்கண்ணுக்கு நேரே நின்றது.
எருமை மேய்க்க வந்தவன் போலிருந்த பையன்
சட்டென்று சிப்பாயானான்.

நாயகனின் சல்யூட்டைப் பார்த்து,
"கையைக் கவிழ்த்தா அது கப்பல்காரங்க சார்.
நம்மளுது உள்ளங்கை தெரியணும்."
ஆசைப்பட்டுக் குத்திக்கொண்ட ஒன்பது பதக்கங்களில்
ஆறைக் கழற்றி என்னிடம் தந்தார்.
"இதுல ஒண்ணு
சார் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்த சண்டை."

அப்புறம் நாற்பத்தேழாம் காட்சி.
நண்பன் செத்த சேதி வருகிறது.
நாயகன் வானத்தைப் பார்த்து அலற வேண்டும்;
மழை இயந்திரம்கூட வாடகைக்கு வந்திருந்தது.
மாதையன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.
"அலறமாட்டோம்."
பின்னே?
"லிஸ்ட் எழுதுவோம்."

செத்தவன் டிரங்குப் பெட்டியைத் திறந்து
ஒருவர் சொல்ல வேண்டுமாம்,
ஒருவர் எழுத வேண்டுமாம்.
பனியன் நாலு.
பிளேடு இரண்டு, ஒன்று உபயோகித்தது.
கண்ணாடி ஒன்று, விரிசல் உண்டு.
மாங்காய் ஊறுகாய் அரை பாட்டில்.
இதை வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா
என்கிற இடத்தில்தான் பேச்சு நிற்கும்.
"லீவு விண்ணப்பம் ஒன்று. மறுக்கப்பட்டது.
கீழ கையெழுத்து, தேதி. அவ்வளவுதான் சார்."

மழைக்காரர் குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

புதிதாய் எழுதிய பக்கம் டெல்லி போய்
எட்டாம் நாள் திரும்பியது.
பனியன் இருந்தது, ஊறுகாய் இருந்தது.
விண்ணப்பத்தின்மேல் மட்டும் சிவப்புக் கோடு.
அதைப் படித்துச் சொல்வதும் அவர் வேலைதான்.
விறைப்பாக நின்று சொன்னார்:
"இந்த வரி வராது."
இயக்குநர் வாதாடினார்.
மாதையன் இன்னொரு தரம்
அதே மூன்று சொற்களைச் சொன்னார்.

ராத்திரி வேன் கதவைத் தட்டினார்.
நாளைக்குப் பெட்டியில் வைக்கிற
செத்தவன் சட்டை எது என்று கேட்டார்.
பர்ஸிலிருந்து ஒரு தாளை எடுத்தார்;
மடிப்பெல்லாம் நைந்து, மசி ஊறிப்போன தாள்.
'விடுப்பில் தங்கும் முகவரி' என்ற இடத்தில்
ஓமலூர் என்று மட்டும் என் கண்ணில் பட்டது.
அவர் கையெழுத்து இல்லை அது.
அவர் கையெழுத்துதான்
தினமும் என் பதிவேட்டில் இருக்கிறதே.

"இடது பையில வெச்சுத் தைச்சிரும்மா.
பட்டன் போதாது."

விளக்கு மங்கல். இரண்டு முறை ஊசி குத்தியது.

மறுநாள் கேமரா ஓடியது.
பனியன் நாலு, பிளேடு இரண்டு என்று சொல்லிக்கொண்டே
நாயகன் அந்தச் சட்டையை மடித்தார்.
பை மொடமொடத்தது.
எழுதித் தராத ஒரு நிறுத்தம்.
விரலால் அந்த இடத்தை ஒருமுறை அழுத்திவிட்டு
"சட்டை ஒன்று" என்றார்.
ஓகே என்று கத்த
இயக்குநருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
மாதையன் அங்கே இல்லை.
எங்கோ ஒருவனுக்கு
பூட்ஸ் கயிறு கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து ரோடு தியேட்டரில்
குண்டு வெடிக்கையில் விசிலடித்தார்கள்.
இந்தக் காட்சியில் ஒருவர்
பாப்கார்ன் வாங்க எழுந்து போனார்.

படப்பிடிப்பு முடிந்து கணக்கு ஒப்படைத்தபோது
நானும் ஒரு லிஸ்ட் எழுதினேன்:
பெரெட் முப்பத்தாறு.
பெல்ட் முப்பத்தாறு.
சட்டை முப்பத்தைந்து.
கையெழுத்து, தேதி.

நானூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.