காரகாஸ் சாலை: ஒன்பது மீட்டர்

பொகோட்டாவின் பேருந்துகள் உறங்கும்
அந்த நாலு மணி நேரம்தான் எங்களுக்கு.
யாமிலே நெவுத்தா துளைக்கருவியை இறக்குகிறாள்.
நான் விளக்குப் பிடிக்கிறேன்,
குளிருக்கு வெல்லத்தண்ணீர் ஊற்றித் தருகிறேன்.

மெட்ரோ தூண் எங்கே நிற்கலாம் என்று
மண்ணிடம் கேட்கிற வேலை.
முதலில் வாய் திறப்பது கான்கிரீட்.
சிவப்புப் பேருந்துகளுக்காகப் போட்ட பாளம்,
சில வருடத்திலேயே விரிசல்;
காசைத் தின்றது யார் என்று
ஊரே கேட்டு ஓய்ந்தது.

பிறகு தார், தார், இன்னும் தார்.

சரளை வந்ததும்
"ரயில் போன இடம்" என்கிறாள்,
கரித்தூளை விரலில் தேய்த்தபடி.
தண்டவாளத்தைப் பெயர்த்து சாலை போட்டார்கள்.
நடுவில் மரம் வைத்தார்கள், பூ வைத்தார்கள்,
பஸ் தடத்துக்காக அதையும் வெட்டினார்கள்.
இப்போது மறுபடி ரயில், தலைக்கு மேலே.
விற்ற பொருளையே
இரட்டை விலைக்கு வாங்குகிறது நகரம்.

சரளையைத் துளைத்துக்கொண்டு
கட்டைவிரல் தடிமனில் ஒரு வேர்.
படிவத்தில் ஆழம், நிறம், ஈரம்
மூன்றுக்கும் கட்டம் உண்டு.
வேருக்கு இல்லை.
பேனாவைக் கடித்து யோசித்து
நிறம் என்ற இடத்தில் எழுதுகிறாள்: மரம்.

அதற்கும் கீழே கறுப்புக் களி.
ஏரியாக இருந்த நாளில் படிந்தது.
யாருடைய சாலையும் அல்லாத நாற்றம்.
ஒன்பது மீட்டர் வரை அதுவேதான்.

நாலரைக்கு முதல் பேருந்து.
கண்ணாடியில் நெற்றி சாய்த்து உறங்குகிறார்கள்,
தெற்கிலிருந்து வடக்கே,
வடக்கின் வீடுகளைத் துடைக்கப் போகிறவர்கள்.
எங்கள் துளையை மூடிய இரும்புத்தட்டு
ஒருமுறை அதிர்ந்து அடங்குகிறது.