முப்பத்திரண்டுக்கு ஒன்று

பெட்ரோல் முப்பத்திரண்டு பங்கு, ஆயில் ஒன்று.
சம்பளத்தில் எனக்கென்று நான் ஒதுக்குவதும்
ஏறக்குறைய அதே கணக்கு.
அந்த ஒன்றில்தான்
இரண்டு டயர், ஒரு செயின்,
டாங்க்கின் ஓட்டையை அடைத்த ஈயம்.

எழுபத்துநாலாம் வருஷத்து சீஸெட்.
என்னைவிட மூன்று வயது மூப்பு.
உப்புநீக்கும் ஆலையில் இருந்த செக்காரன் யிரி
ஊர் திரும்புகையில்
கப்பல் கூலி வண்டி விலையைத் தாண்டியதால்
ஜீப்பைப் பழுதுபார்த்த பாக்கிக்கு ஈடாக
ஷார்ஜா பட்டறை வாசலில் சாய்த்துவிட்டுப் போனான்.
பழைய இரும்பு என்றார் முதலாளி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

உம் அல் குவைன் தாண்டி ஒரு பிப்ரவரி ஞாயிறு.
விண்ணப்பத்தில் தொழில் என்று ஒரு கட்டம்.
விசாவில் நான் டைல்ஸ் கொத்தனார்,
அதையே எழுதினேன்.
ஞானதிரவியம் வாயில் நுழையாத ஒலிபெருக்கிக்காரன்
"நானா தேராவி, டைல்ஸ்" என்று அறிவித்தான்.
யாரோ கைதட்டினார்கள்.

பழைய வண்டிப் பிரிவில் நாங்கள் நான்கு பேர்:
மீசை அரும்பிய ஹுமைத், அவன் அப்பாவின் யமஹாவில்.
பல் டாக்டர் டிரெவர்.
கிரேன் ஓட்டும் ரோடெல்,
முன்ஃபோர்க்கை நைலான் கயிற்றால் கட்டி வந்திருந்தான்.

பள்ளியில் பாலை என்றால் பிரிவு.
உரிப்பொருள் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
இங்கே பாலை என்றால் ஏர் ஃபில்டர்.

கேட் விழுந்தது.
முதல் திருப்பத்தில் மூன்றாவது.
டாக்டர் மணல்மேட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ள
இரண்டாவது.
மணலில் பிரேக்கை மறந்துவிட வேண்டும்.
உடம்பைப் பின்னே தள்ளி, திராட்டிலைத் திறந்து
முன்சக்கரத்தை மிதக்க விடவேண்டும்.
பயந்து மூடினால் புதையும்.
நாற்பத்தெட்டு வயதில்
பயப்பட நேரமில்லாத ஒரு வேலை
இப்படிக் கிடைத்தது.
ஹுமைத்தின் பின்சக்கர மணல் என் பல்லிடுக்கில்.

அப்போது கேட்டது.
பிஸ்டன் வீங்கும்போது
சத்தம் ஓர் இழை மெலியும்,
குக்கர் விசிலடிப்பதற்கு முந்திய நொடி போல.
அரைச் சுற்று தாங்கலாம்.
தாங்காமல் சிலிண்டரைக் கிழித்துவிடவும் செய்யலாம்.
நான் யோசித்துக்கொண்டிருந்தேன்,
இடது கை கிளட்சைப் பிடித்துவிட்டிருந்தது.

ஓரமாக இறங்கி நின்றால்
டீ வண்டியின் ஜெனரேட்டர் கேட்கிறது,
நெடுஞ்சாலை லாரிகள் கேட்கின்றன.
சிலிண்டர் டிக் டிக் என்று ஆறுகிறது.
பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றக் கை துடித்தது.
ஊற்றினால் விரிசல் விடும்.
நானே குடித்தேன்.
ரோடெல் கயிறு அவிழ அவிழக் கடந்து போனான்.
டாக்டர்கூட, ஒரு கையசைப்போடு.

பதினோரு நிமிடம்.
ஆறாவது உதையில் புகைந்தது.
யாருமில்லாத தடத்தில் நீல வால் விட்டபடி
இரண்டாம் கியரிலேயே மிச்சச் சுற்று,
மேடுகளில் மாடிப்படி ஏறுவது போல.

பரிசளிப்பு முடிந்திருந்தது.
கொடிக்காரன் ஷஹிதுல்
கட்டக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி
பிரியாணிப் பொட்டலம் பிரித்திருந்தான்.
என்னைப் பார்த்ததும் சோற்றுக் கையோடு எழுந்து
இடது கையால் கொடியை உதறி
இரண்டு முறை வீசினான்.
இரண்டு முறை.
பிறகு, "பாய், சாப்பாடு ஆறுது" என்றான்.

இரவு போனில் மெர்சி கேட்டாள்.
நாலாவது என்றேன்.
"நாலாவதா!" என்று பையனைக் கூப்பிடப் போனவள்
எத்தனை பேரில் என்று கேட்கவில்லை.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
ஒரு தேக்கரண்டி மணல்,
மாவு போல, இளஞ்சூட்டோடு.
காலையில் லேண்ட் குரூசரின் கியர்பாக்ஸ் இறக்கவேண்டும்.
உள்ளங்கை இன்னும் நிற்கவில்லை,
ஸ்பேனர் அதில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறது.