இடம் வருதல்

குளத்துக்கு நதி என்று பெயர் வைத்த ஊர் எங்களுடையது.
ஹரித்ராநதியின் நாலு கரையும் சுற்றிவர
என் காலுக்கு இரண்டாயிரத்து நூறு எட்டு.
மூன்று சுற்று என்று எழுதிக்கொடுத்தார் டாக்டர்.
சாப்பாட்டுக்கு முன் இருநூற்றுப் பன்னிரண்டு,
பின் எவ்வளவு என்பதை விடுங்கள்.

நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவன் நான்.
சம்பா வரும் மாதங்களில்
மூட்டை நகரும், லாரி நகரும்,
நான் பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பேன்.

முதல் வாரம் ரப்பர் செருப்போடு போனேன்.
விரல்கள் வாரைக் கவ்விக் கவ்வி
கெண்டைக்கால் கல்லாயிற்று.
விடிந்து கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில்
குதிகாலுக்குள் ஆணி.

ஷூ வாங்கச் சாயங்காலம் போனேன்.
பகலெல்லாம் தொங்கிய பாதம்
அப்போதுதான் தன் முழு அளவைச் சொல்கிறது.
நுனியில் ஒரு கட்டைவிரல் இடம் விட்டு வாங்கினேன்.
உறைந்த தண்ணீர் பாட்டிலை ராத்திரியில்
உள்ளங்காலுக்கடியில் உருட்டினால்
கனகவல்லி கேட்கிறாள்,
"எத்தனை சப்பாத்தி ஆச்சு?"

ஒரு வயசில் கற்ற வித்தைதானே என்றிருந்தேன்.
இல்லை.
எட்டி வைத்தால் முழங்கால் அடி வாங்குகிறது;
எட்டைக் குறுக்கி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.
குதிகால் முதலில் பட்டு, பாதம் உருண்டு,
பெருவிரல் கடைசியாகத் தரையைத் தள்ளிவிட வேண்டும்.
தோள் தானாகக் காதுக்கு ஏறிக்கொள்ளும்.
மேல்கரை வரும்போதெல்லாம் அதை இறக்கி வைக்கிறேன்,
லோடுமேன் மூட்டையை இறக்குவதுபோல.

இங்கே எல்லோரும் வலமாகத்தான் சுற்றுகிறார்கள்.
நடு மண்டபத்தில் சாமி இருக்கிறதே.
மூன்று மாதம் எனக்குத் தெரிந்தவை முதுகுகள் மட்டும்:
செல்போனில் மனை விற்கும் முதுகு,
சுடிதாரும் வெள்ளை ஷூவுமாக ஓட்டமும் நடையும்,
வலது காலை லேசாக வீசி வைக்கும்
ஒரு நெட்டை முதுகு.
அதை ஒருநாளும் நான் முந்தியதில்லை.

அப்புறம் இடது இடுப்பு.
தைலம், ஒத்தடம், தலையணை மாற்றம்,
எதற்கும் மசியவில்லை.
ஒரு காலை தென்கரையில்
ராத்திரி மழைத்தண்ணீர் இடப்பக்கமாக வழிந்து
சாக்கடைக்குள் போவதைப் பார்த்தேன்.
சாலையே சாய்வு.
தினம் ஆறாயிரம் எட்டு
இந்தக் கால் பள்ளத்தில் நடந்திருக்கிறது.

மறுநாள் திரும்பி நடந்தேன்.
"அப்பிரதட்சணமா சார்?" என்றது பால் பூத்.
"இடுப்புக்கு" என்றேன்.

முகங்கள் வரத் தொடங்கின.
மனை விற்பவருக்கு மீசை இல்லை.
நெட்டை முதுகுக்கு முன்பக்கம்
விருத்தகிரி.

மாசியில் அவர் நெல்லுக்கு
ஈரமானி பார்த்து இருபத்தொன்று என்றவன் நான்.
பதினேழுக்கு மேல் எடுக்க உத்தரவில்லை.
மூன்று ராத்திரி தார்ப்பாயோடு கிடந்தார்.
இரண்டாம் ராத்திரி மழை.

எதிரெதிராக நடப்பவர்கள்
ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை சந்தித்தே ஆக வேண்டும்.
ஆறு தடவையும் அவர் குளத்தைப் பார்த்தார்.
நான் ஷூ லேஸைப் பார்த்தேன்,
குனிந்து நடந்தால் கழுத்து பிடிக்கும்
என்று தெரிந்தும்.

அதிலிருந்து ஒருநாள் வலம், ஒருநாள் இடம்.
ஒருநாள் அவர் முதுகு, ஒருநாள் முகம்.
இடுப்பு இரண்டு வாரத்தில் விட்டது.

நேற்று இடம்.
கடைசிச் சுற்றில் வேகத்தைக் குறைத்து வருகிறேன்,
சட்டை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது.
கீழ்கரை வளைவில் நின்றுவிட்டார்.
மேலும் கீழும் பார்த்தார்.
"பதினேழுக்கு மேல இருக்கும் போலருக்கே சார்.
காயவெச்சு எடுத்துட்டு வாங்க."

சிரித்தாரா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.
காலை வீசிக்கொண்டு போய்விட்டார்.

கைப்பிடிச் சுவரில் இரு கையும் ஊன்றி,
ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையில் அழுந்த,
முப்பது எண்ணினேன்.
கெண்டைச்சதை மெல்ல இளகியது.
மறு காலுக்கும் முப்பது.
இருபத்தொன்றில்
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.