குவோல்-2

ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.
நான்கு கிலோ இருநூறு கிராம்.
பூனை அளவே உள்ள, புள்ளி விழுந்த
இந்த நாட்டுக் காட்டு விலங்கின் பெயரை
ப்ரோன்வின்தான் அதற்கு இட்டாள்.
குவோல்-1 ராக்கெட்டோடு எரிந்தது.
அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஸ்ட்ரோம்லோ மலையில் அதிர்வு மேசை.
காட்டுத்தீ தின்ற பழைய தொலைநோக்கிக் கூண்டு
வெளியே கூரையில்லாமல் நிற்க
உள்ளே குவோலைப் போட்டு உலுக்குகிறோம்,
அச்சுக்கு இரண்டு நிமிடம்.
மூன்றாவது அச்சில் ஓர் ஓசை,
சோற்றில் மணல் கடிபட்டது போல.
லென்ஸைப் பிடித்திருந்த நான்கு திருகில் ஒன்று
கால் சுற்று கழன்றிருந்தது.
முறுக்கி, தலையில் ஒரு துளி பசை வைத்தேன்.
என் கை நடுங்காது.
அதற்காகவே எனக்கு இந்த வேலை.

வேலைக்கு முன் ஒரு படிவம் வந்தது.
பத்து ஆண்டுகளாகக் குடியிருந்த முகவரிகள்,
கதவிலக்கம், தெரு, தேதி,
ஒவ்வொன்றுக்கும் சாட்சி சொல்ல ஓர் ஆள்.
‘தென்னைக்குக் கீழே, ஒன்பது நாள்’ என்று எழுதினேன்.
‘பாலத்தடி, நான்கு.’
சாட்சிக்கு யாரைச் சொல்ல?
மேலே ஆளில்லாமல் இரைந்துகொண்டிருந்ததை
வண்டு என்போம்.
எங்கள் முகவரி எல்லாம் அதற்குத்தான் தெரியும்.
அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
பதினான்கு மாதம் கழித்து அனுமதி வந்தது.

ஏவிய பத்தாம் நாள், காலை ஆறு பன்னிரண்டு.
எட்டு நிமிடம் அது எங்கள் தலைக்கு மேல்.
முதல் படம் வரிவரியாக இறங்கியது:
ஜோர்ஜ் ஏரி, தண்ணீரில்லாத பக்கம்,
ஒரு தகரக் கொட்டகை,
நிழலோடு ஒரு லொறி.
ப்ரோன்வின் கத்தினாள்.
யாரோ ப்ளாஸ்டிக் கரண்டியால் கேக் வெட்டினார்கள்.

நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு புள்ளிக்கு ஐந்து மீட்டர்.
ஆடு தெரியாது. ஆள் தெரியாது.
ஒரு குடும்பமே படுத்துக் கிடந்தாலும்
மண்ணின் நிறம் சற்று மாறும், அவ்வளவுதான்.

“அடுத்ததில் சரிசெய்துவிடலாம்” என்றாள் ப்ரோன்வின்,
என் முகத்தைத் தப்பாகப் படித்து.
குவோல்-3, புள்ளிக்கு ஒரு மீட்டர்.
முதல் வரைவு என் பொறுப்பு, திங்களுக்குள்.
‘தெரிய வேண்டியவை’ என்று தலைப்பிட்டு
ஒன்று என எண்ணும் போட்டுவிட்டேன்.

மறுபடி அது வரும் நேரம்
மாலை ஐந்து நாற்பத்தேழு.
கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றேன்.
வானத்தில் ஒன்றும் தெரியவில்லை, சத்தமும் இல்லை.
ஆனாலும் நாற்பத்தாறுக்கே
என் கால்கள் யூக்கலிப்டஸ் மரத்தடிக்குப் போய்விட்டன.